லென்ஸுக்குள் புகுந்த காற்று

தங்கை எடுத்த சூறைக்காற்றுப் படத்தைக் கூடத்துச் சுவரில் மாட்டியதும், மேசைமேல் கிடந்த நாளிதழ் பறந்துபோய் எதிர்க்கதவில் ஒட்டிக்கொண்டது. ஜன்னல்கள் சாத்தியிருந்தன. காற்று படத்திலிருந்துதான் வந்தது, லேசான உப்பு வாடையோடு. அம்மா ஓரிரு நாள் பொறுத்துப் பார்த்தாள். பிறகு சாப்பாட்டு நேரத்தில் மட்டும் படத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைக்க ஆரம்பித்தாள்.

அந்தப் படம் எடுத்த நாள்வரை தங்கையின் கேமராவுக்குள் ஒரு தூசி போனதில்லை. அக்காவின் பாய்மரப் படகில் ஏறும்போது அதற்கு இரண்டு பை: உள்ளே பஞ்சு வைத்தது, வெளியே தண்ணீர் புகாத ரப்பர் பை. செருப்புப் பெட்டிகளில் வரும் ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களைத் தெருவெல்லாம் கேட்டு வாங்கி அதில் போடுவாள். லென்ஸில் உப்புத்துளி பட்டால் காய்ந்த துணியால் தேய்க்கமாட்டாள், கீறல் விழும். நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் ஒற்றி எடுப்பாள். "பெத்த புள்ளயக்கூட எவளும் இப்படிப் பாத்துக்கமாட்டா," என்பாள் அக்கா. அப்பேர்ப்பட்டவள், ஒருநாள் அலை மலைபோல் எழுந்தபோது ஆசை கண்ணை மறைக்க, படகில் நின்றபடியே லென்ஸை மாற்றினாள். கடலில் செய்யவே கூடாத காரியம் அது. கண்மூடித் திறப்பதற்குள் காற்று உள்ளே புகுந்துவிட்டது.

ரிப்பேர்காரர் கேமராவைக் காதோடு வைத்துக் கேட்டார். "தண்ணி போயிருந்தா தொடச்சிருப்பேன். இது காத்து. இனிமே லென்ஸக் கழட்டாதீங்க, வெளிய போயிடும்," என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போனார். அன்றுமுதல் அவள் எடுத்த படங்களெல்லாம் காற்று வீசின. புழுக்கத்தில் தைத்துக்கொண்டிருந்த தையல்காரர் முதல் ஊரே வந்து ஆளுக்கொன்று வாங்கிப்போனது. மின்விசிறிக் கடைக்காரர் மட்டும் அவளிடம் முகம்கொடுத்துப் பேசுவதில்லை.

அக்காவுக்கோ பந்தயம்தான் உயிர். ஆண்டுதோறும் கலங்கரை விளக்கம்வரை போய்த் திரும்பும் படகுப் பந்தயத்தில் தன் கொழுந்தனின் படகுக்குப் பின்னால் இரண்டாவதாக வந்து வந்து, அவள் சிரிப்பையே மறந்திருந்தாள். பழி கேமராப் பையின்மேல் விழுந்தது. "வீண் பாரம். இந்தத் தடவையும் தோத்தா நீயும் உன் பையும் கரையிலயே நின்னுக்குங்க." கரையில் நின்று கடலைப் படமெடுப்பது சாப்பாட்டுக் கடை வாசலில் நின்று மோப்பம் பிடிப்பதுபோல என்று தங்கை அம்மாவிடம் சொல்லி அழுதாள்.

பந்தயத்தில் முக்கால் தூரம் அக்காதான் முன்னால். அப்புறம் காற்று செத்தது. பாய்களெல்லாம் துவண்டு தொங்க, நீரோட்டம் கொழுந்தனின் படகை மட்டும் மெல்ல முன்னே தள்ளியது. "அண்ணி, கரைக்குப் போய் டீ போட்டு வெக்கட்டுமா?" என்று கத்தினான் அவன். அக்காவின் கண்ணில் நீர் முட்டியது. தங்கை ரப்பர் பையைத் திறந்தாள், பஞ்சுப் பையைத் திறந்தாள், கேமராவைப் பாய்க்கு நேரே தூக்கிப் பிடித்தாள்.

"ஏய், வேணாம்டி! போனா திரும்பி வராதுடி!"

"நீ சுக்கானப் பிடி!"

லென்ஸைக் கழற்றினாள். காற்று பேரிரைச்சலோடு கிளம்பியது. பாய் படாரென்று விரிந்தது. படகு எகிறிக் குதித்து ஓடியது. தாண்டிப் போகையில் கொழுந்தனின் தொப்பி கடலில் விழுந்தது. எல்லைக்கோட்டைக் கடந்தபோது அக்கா சுக்கானை விட்டுவிட்டு, குதித்து, கூவி, வயிறு வலிக்கச் சிரித்தாள். தங்கை அவசரமாக லென்ஸைப் பூட்டி ஒரே ஒரு படம் எடுத்தாள்.

பந்தயக் குழு விதிகளைப் புரட்டியது. வெளிக்காற்றைக் கொண்டுவரக் கூடாது என்று எங்கும் இல்லாததால் கோப்பையைக் கொடுத்துவிட்டு, மறு ஆண்டுக்கு அப்படியொரு விதியைச் சேர்த்துக்கொண்டது. இப்போதெல்லாம் கேமராப் பையைப் படகுவரை சுமந்து வருவது அக்காதான். கடைசியாக எடுத்த அந்தப் படத்திலிருந்து காற்று வருவதில்லை. அக்காவின் சிரிப்புதான் வருகிறது, பகலிலும் இரவிலும், அக்கம்பக்கம் கேட்கும்படி. அதை மட்டும் அம்மா சாப்பாட்டு நேரத்தில்கூடத் திருப்பி வைப்பதில்லை.