கேட்காமல் கொடுத்த மன்னிப்பு

எங்கள் கிங்கெரிச் குடும்பத்தில் மூன்று தலைமுறையாக அமெரிக்காவில் கார், மின்சாரம் வேண்டாமென்று வாழும் ஆமிஷ் கிறிஸ்தவச் சபைக்கு மூப்பர் இல்லாமல் இருந்ததில்லை; இப்போது மூப்பர் நான். நான்கு வருடத்துக்கு முன் என் தம்பி ஏனோஸ் சபை நடுவே மண்டியிட்டபோது, எனக்கு அந்தப் பெருமைதான் கண்ணுக்குத் தெரிந்தது. தன் வீட்டில் வேலைக்கு நின்ற பதினான்கு வயது லொவினாவை அவன் பலாத்காரம் செய்திருந்தான். சபையில் "மாம்ச பலவீனம்" என்று மட்டும் சொன்னான். அப்படிச் சொல்லும்படி சொல்லிக்கொடுத்தவன் நான்.

ஆறு வாரம் அவனை விலக்கி வைத்தோம். பிறகு நானே கைகொடுத்து எழுப்பி, முத்தமிட்டுச் சேர்த்துக்கொண்டேன். மன்னித்ததை மறுபடி பேசுவது எங்கள் சபையில் குற்றம்.

இந்த வசந்தத்தில் யோடர் வீட்டார் தங்கள் பதின்மூன்று வயதுப் பெண்ணை ஏனோஸ் வீட்டு வேலைக்குப் பேசினார்கள். லொவினாவின் தாய் வெர்னா, விதவை, அனுப்ப வேண்டாம் என்று அவர்களிடம் போய்ச் சொன்னாள். அவர்கள் கேட்கவில்லை, சனிக்கிழமை காலை பெண்ணை அனுப்பிவிட்டு, வெர்னாமேல் என்னிடம் புகாரும் சொன்னார்கள். கண்டிப்பது மூப்பரின் வேலை. அன்று மதியமே போனேன்.

வெர்னா மாவு தேய்த்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"மன்னிச்சத கிளறுறது தப்பு வெர்னா. நாளைக்கு நீ சபையில மண்டிபோட வேண்டியிருக்கும்."

"போடுறேன். மண்டி போட்டா உங்க வீட்டுல எல்லாம் சுத்தமாயிடுதே."

தட்டுத் துடைத்துக்கொண்டிருந்த லொவினா திரும்பினாள். "மூப்பரே, எல்லாரும் அவர மன்னிச்சப்ப நான் எங்க இருந்தேன்னு ஞாபகம் இருக்கா?"

எனக்கு ஞாபகம் இல்லை.

"ஞானஸ்நானம் வாங்காதவங்க வெளிய போங்கன்னு நீங்கதான் சொன்னீங்க. நான் போய் குதிரைங்ககிட்ட நின்னேன். உள்ள எல்லாரும் மன்னிச்சீங்க. எங்கிட்ட யாரும் கேக்கல."

வளர்ந்த பிறகுதான் எங்களில் ஞானஸ்நானம்; அது வாங்காதவர்கள் சபைத் தீர்ப்பில் உட்காரக் கூடாது. இருபத்திரண்டு வருடமாக அந்த வார்த்தையைச் சொல்லி ஆட்களை வெளியே அனுப்புகிறேன். போகிறவர் யார் என்று ஒருநாளும் பார்த்ததில்லை. என்ன செய்யட்டும் என்று லொவினாவிடமே கேட்டேன்.

"மொதல்ல அந்தப் பொண்ணக் கூட்டிட்டு வாங்க. அப்புறம் போலீஸ்ல, ஷெரீஃப்கிட்ட நான் பேசுறேன். நீங்க குறுக்க நிக்காதீங்க, அது போதும்."

குதிரை வண்டியை ஏனோஸ் வீட்டுக்குத் திருப்பினேன். ஏனோஸ் முற்றத்திலேயே நின்றான். "என்னண்ணே, முடிஞ்ச விஷயம்னு நீங்கதான சொன்னீங்க?" என்றான். ஆமாம், நான்தான் சொன்னேன். பெண்ணை வண்டியில் ஏற்றினேன். அவளை அவள் தாயிடம் விட்டு, அனுப்பக் கூடாத காரணத்தையும் சொல்லிவிட்டுத் திரும்பினேன்.

எங்கள் வீடுகளில் தொலைபேசி கிடையாது; பாதையோரத்துப் பொதுத் தொலைபேசிக் கொட்டகையில் லொவினா ஷெரீஃப் அலுவலகத்தோடு நெடுநேரம் பேசினாள். பிறகு, அன்றைக்கே தெரிந்திருந்த ஆள் யாராவது உண்டா என்று அவர்கள் கேட்டிருக்க வேண்டும். ரிசீவரை என்னிடம் நீட்டினாள். என் பெயரைச் சொன்னேன். ஏனோஸுக்கு என்ன உறவு என்று கேட்டார்கள்.

"அண்ணன்" என்றேன். கேட்கவில்லை என்றார்கள். இன்னொரு முறை சொல்ல வேண்டியிருந்தது.