கன்னத்தில் ஒரு நெற்றி

“அத்தை, போட்டோவுல தழும்பைத் துடைச்சா நிஜ மூஞ்சியிலயும் போயிடுமா?” என்று அண்ணன் மகள் ஐந்து வயதில் கேட்டாள். போட்டோக் கடையில் கணினி முன்னால் உட்கார்ந்திருந்த அத்தை, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், “போயிடும் கண்ணு. மூணு நாளாகும்” என்றாள். அது உண்மைதான். முதன்முதலில் ஒரு வங்கிக் காசாளருக்கு அப்படி ஆனது. படத்தில் அவருடைய கன்னக் குழிகளை அவள் சரிசெய்த மூன்றாம் நாள், சவரக் கத்தி எங்கும் தட்டாமல் வழுக்கிக்கொண்டு போனது. அவர் திரும்பி வந்து, எதற்கும் இருக்கட்டும் என்று இன்னும் நான்கு பிரதிகள் வாங்கிக்கொண்டார். அதன்பின் கடை வாசலில் வரிசை நின்றது. ஊர் அவளை டச்சப் அக்கா என்று அழைத்தது.

அவள் வேலை செய்யும் முறை எளிமையானது. தழும்பை அழிக்க முடியாது, மூடத்தான் முடியும். அதே முகத்தில் விரல்நகம் அளவு நல்ல தோலை எடுத்து, குழிகளின்மேல் வைத்து நிரவுவாள். எடுத்த இடத்தில் குழி விழும். அதனால் காதுக்குப் பின்னாலிருந்தோ தாடைக்கு அடியிலிருந்தோ எடுப்பாள். மாடியில் இருந்த தோல் மருத்துவர் இதைக் கேள்விப்பட்டு இறங்கி வந்தார்.

“எல்லாரும் கீழேயே நின்னுட்டா நான் மேல ஈ ஓட்டுறதா?”

“கோவமா டாக்டர்?”

“கோவமில்லம்மா. நாங்களும் காதுக்குப் பின்னாலதான் எடுப்போம். ஆனா பரு அடங்காம தழும்பைத் தொடாதே. எரியிற வீட்டுக்கு வெள்ளையடிச்ச கதையாயிடும்.”

அன்றிலிருந்து ஒழுங்கு ஏற்பட்டது. முதலில் மாடி: மருந்து, பொறுமை, கிள்ளாத கை. பரு அடங்கி ஆறு மாதம் கழித்துக் கீழே.

டச்சப் அக்காவின் முகத்தை மட்டும் யாரும் சரிசெய்யவில்லை. பதினான்கு வயதில் தொடங்கிய பரு எட்டு ஆண்டுகள் இருந்து, காதோரம், தாடை, கழுத்து என ஓரிடம் விடாமல் குழித்துவிட்டுப் போனது. பள்ளியில் அவளுக்குச் சல்லடை என்று பெயர். நெற்றி ஒன்றுதான் தப்பியது. காலையில் தலை வாரும்போது கண்ணாடியில் நெற்றியை மட்டும் பார்த்துக்கொள்வாள். கடவுள் இதையாவது விட்டுவைத்தாரே என்று அதற்கு நன்றியும் சொல்வாள்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை ஓர் அம்மாள் படத்தோடு வந்தாள். மகளுக்கு நீதிமன்றத்தில் தட்டச்சர் வேலை கிடைத்திருந்தது. மகளோ இரண்டு வருடமாக, மருத்துவரிடம் போவதற்குத் தவிர, அறையை விட்டு வெளியே வந்ததில்லை.

“சாப்பாட்டைக்கூட கதவுக்கு வெளியிலதான் வெக்கிறேன்மா. டாக்டர் புண்ணியத்துல பரு அடங்கிடுச்சு. திங்கக்கிழமை போய்ச் சேரலைன்னா வேற ஆளைப் போட்டுருவாங்க.”

டச்சப் அக்கா படத்தைப் பெரிதாக்கித் தேடினாள். சிவப்பாக்கும் கிரீம் என்று எதையோ வாங்கி அந்தப் பெண் கழுத்து வரை பூசித் தோலைக் கெடுத்துக்கொண்டிருந்தாள். காதுக்குப் பின்னால்கூட எடுப்பதற்கு நகம் அளவு தோல் இல்லை. இல்லை என்று சொல்லத் திரும்பினாள். அம்மாள் திரையைப் பார்க்கவில்லை. இவள் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“கிடைச்சிடும். சாயங்காலம் வாங்க” என்றாள் டச்சப் அக்கா.

அம்மாள் போனபின் தன்னைத்தானே ஒரு படம் எடுத்தாள். கண்ணை மூடி ஒரு நிமிடம் பிரார்த்தித்தாள். பிறகு தன் நெற்றியின் நடுவிலிருந்து ஒரு துண்டை எடுத்து அந்தப் பெண்ணின் வலது கன்னத்தில் வைத்து, அங்கிருந்து முகம் முழுக்க நிரவினாள். கன்னங்களையே பார்த்துப் பழகியவர்கள் செய்யும் பிழை ஒன்றை அவள் செய்தாள். நெற்றித் தோலுக்குச் சுருங்கத் தெரியும் என்பதை மறந்துவிட்டாள்.

திங்கட்கிழமை அந்தப் பெண் வேலையில் சேர்ந்தாள். அதே காலை டச்சப் அக்காவின் நெற்றியில் குழிகள் இருந்தன.

“என்னம்மா, நெத்தியிலயும் ஆரம்பிச்சுடுச்சா?” என்றார் போட்டோக் கடைக்காரர்.

“இளமை திரும்புது அண்ணே” என்று முடியை முன்னால் இழுத்துவிட்டுக்கொண்டாள். மருத்துவர் உற்றுப் பார்த்தார். ஒரு களிம்பு கொடுத்தார். ஊருக்கெல்லாம் மருந்தைத் தவறாமல் போடச் சொல்பவள், தன்னுடையதை மேசை இழுப்பறையில் போட்டு மறந்தாள். கண்ணாடியைப் பார்ப்பதையும் விட்டாள்.

நீதிமன்றத்தில் புதுத் தட்டச்சரின் வலது கன்னம் காலை பத்து மணி முதல் அடிக்கடி மடிப்பு மடிப்பாகச் சுருங்கியது.

“ஏம்மா, நான் சொல்றது பிடிக்கலையா?” என்று கேட்டார் மேலாளர்.

“நான் சுளிக்கல சார். அதுவா சுளிக்குது.”

அவர் தலையாட்டிவிட்டு அடுத்த காகிதத்தைக் கொடுத்தார். அங்கே இதைவிட விசித்திரமானதெல்லாம் சத்தியம் செய்து சொல்லப்பட்டிருக்கிறது.

ஒரு மதிய இடைவேளையில் அவள் போட்டோக் கடையைக் கடந்தாள். கண்ணாடிக்கு அந்தப்புறம் ஒருத்தி திரையை நோக்கிக் குனிந்து புருவத்தைச் சுருக்கினாள்; இவள் கன்னம் சுருங்கியது. அவள் நிமிர்ந்தாள், கன்னம் விரிந்தது. மின்விசிறிக் காற்றில் முடி விலகி நெற்றிக் குழிகள் தெரிந்தன. கதவில் கை வைத்தவள் உள்ளே போகவில்லை. நன்றி சொன்னால் அந்த அக்கா ‘ஒண்ணுமில்லம்மா’ என்பாள், அதோடு முடிந்துவிடும். மாடிக்கு ஏறி மருத்துவரிடம் குழிக்கு மருந்து கேட்டாள்.

“உனக்கு எதுக்கு?”

“ஒருத்தருக்கு வேணும் டாக்டர்.”

அவர் அவளுடைய வலது கன்னத்தைப் பார்த்தார். “முழுசா ரொம்பும்னு சொல்லமாட்டேன். தினமும் போடணும். ஒருநாள்கூட விடக் கூடாது” என்று எழுதிக் கொடுத்தார்.

அதற்குப்பின் தினமும் மாலை ஆறு மணிக்கு டச்சப் அக்காவின் நெற்றி சில்லென்றது. மின்விசிறிதான் காரணம் என்று நாற்காலியை இரண்டு தடவை நகர்த்திப் போட்டாள். மழைக்காலம் போய், வெயில் போய், அடுத்த மழை வந்தது. ஒரு காலை அவசரத்தில் முடியை மேலே தூக்கி வாரிக்கொண்டு கடைக்கு வந்தாள்.

“நெத்தி சுத்தமாயிடுச்சே” என்றார் கடைக்காரர்.

விரலால் தடவிப் பார்த்தாள். “ஆமா அண்ணே” என்று சொல்லி அடுத்த படத்தைத் திறந்தாள்.

அன்று மாலையும் தட்டச்சர் தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். முகம் கழுவித் துடைத்து, வலது கன்னத்தில் களிம்பை வட்டமாகத் தேய்த்தாள். எப்போது போதும் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை; அதனால் கொஞ்சம் கூடுதலாகவே தேய்த்தாள்.