பார்துலின் பாய்மரத்தில் நிற்கும் மின்னல்

சுஹா லூகா என்ற மீன்பிடித் துறையில், பார்துலின் படகுப் பாய்மரத்து உச்சியில் ஒரு மின்னல் மூன்று கோடைகளாக நின்றுகொண்டிருக்கிறது. பெரிய சத்தமில்லை, சட்டியில் எண்ணெய் காய்கிற அளவுக்கு ஓர் இரைச்சல். பார்துல் அதற்கு நேர் கீழே உட்கார்ந்திருக்கிறான். எழுந்தால் அது ஒரு முழம் இறங்குகிறது, உட்கார்ந்தால் ஏறிக்கொள்கிறது.

பெரினாவுக்கு இதில் ஆச்சரியமில்லை, கோபம்தான். அவள் புருஷன் ஷிமே படகுக்கு இடிதாங்கி வாங்கக் கிளம்பியபோது ஒயின்கடையில் மறித்தவன் இந்தப் பார்துல். “கம்பிய நட்டா இடிய நீயே விருந்துக்குக் கூப்பிட்ட மாதிரிடா! எங்கப்பன் காலத்துல எவன் வெச்சான்?” கடையே சிரித்தது. ஷிமே கூசிப்போய்த் திரும்பிவிட்டான். அந்த ஆடிக்காற்றுக் காலத்திலேயே, இடிக்கு அதிபதியான புனித எலியாவின் திருநாளை ஒட்டி, பாய்மரத்தில் விழுந்த மின்னல் கடலுக்குப் போக வழியில்லாமல், சுக்கான் பிடித்திருந்த ஷிமேயின் உடம்பு வழியாகப் போனது. சவ ஊர்வலத்தில் பார்துல் மெழுகுவர்த்தியோடு முன்வரிசையில் நடந்தான். என்ன நெஞ்சழுத்தம்!

பெரினா படகைச் சரிசெய்து, உச்சியில் இடிதாங்கியும் அதிலிருந்து தண்ணீர்வரை செம்புப்பட்டையும் வைத்தாள். அதன்பின் வளைகுடாவுக்கு வந்த மின்னலெல்லாம் அவள் பாய்மரத்துக்கே வந்தது. பாய்கூடக் கருகாமல் கடலில் இறங்கிப் போனது. படகடியில் வெந்து மிதந்த மத்தி மீன்களைத் தின்று துறைப் பூனைகள் கொழுத்தன. மற்ற படகுகளுக்கு ஒரு கீறல் இல்லை. நன்றி சொன்னார்களா? “கம்பி வெச்சவளுக்குத்தானே விழுது, வெக்காத நமக்கு ஒண்ணுமில்லையே!” என்றான் பார்துல். பெரினா திராட்சைத் தோட்டத்துக்குப் போயிருந்த பகலில் இடிதாங்கியையும் பட்டையையும் அறுத்துக் கடலில் எறிந்தான். நன்றிகெட்ட ஊர், கைகட்டிப் பார்த்தது.

அடுத்த மழையில் மின்னல் பழக்கதோஷத்தில் பெரினாவின் படகுக்கு வந்தது. இறங்க வழியில்லை. விலாசம் தேடுகிறவரைப் போலப் பாய்மரம் பாய்மரமாகப் போய்ப் பார்த்தது. கடைசியில், பாயைச் சுருட்டிக்கொண்டிருந்த பார்துலின் தலைக்கு மேலே நின்றுவிட்டது.

அவன் மனைவி மாரே அழுதுகொண்டு ஓடிவந்தாள். “பெரினாக்கா, மனசுல வெச்சுக்காதக்கா. உன்கிட்ட செம்புக் கம்பி மிச்சம் இருக்குல்ல?”

இருந்தது. பெரினா கொண்டுபோய் அவன் காலடியில் எறிந்தாள்.

“ஒரு முனைய பாய்மரத்துல சுத்து, இன்னொண்ண கடல்ல போடு. அவ்வளவுதான். அதுக்கு முன்னாடி, ஷிமேகிட்ட நீ சொன்னது தப்புன்னு ஊர் கேக்கச் சொல்லு!”

“எதுக்குச் சொல்லணும்? தானா போயிடும்.”

போகவில்லை. மாரே கம்பியைத் தொட்டால், “போடி அந்தப் பக்கம்!” என்று விரட்டுகிறான். அவள்தான் கீரையும் உருளைக்கிழங்கும் வேகவைத்துக் கொண்டுவந்து கொடுக்கிறாள். பயணிகள் கப்பல் கலங்கரை விளக்கம்போல அந்த வெளிச்சத்தைப் பார்த்துத் துறைக்குத் திரும்புகிறது. மற்ற படகுக்காரர்கள் எல்லோரும் சத்தமில்லாமல் இடிதாங்கி வைத்துக்கொண்டார்கள்.

ஒவ்வொரு எலியா திருநாளன்றும் ஷிமேயின் கல்லறையிலிருந்து திரும்பும் வழியில் பெரினா துறையில் நிற்பாள். “சொல்றியா?”

“மழை வரும்போல இருக்கு,” என்பான் பார்துல், கடலைப் பார்த்தபடி.

“வரட்டும்,” என்று சொல்லிவிட்டு அவள் வீட்டுக்குப் போவாள்.