மேல்வரிசைப் பல்செட்டுக்கு ஒரு படம்

ஏல நிறுவனத்தின் நிபுணர் படத்தைக் கையில் வாங்கியதும் முதல் காரியமாக அதைக் குப்புறக் கவிழ்த்தார். அண்ணனுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"சார், படம் அந்தப் பக்கம் இருக்கு."

"தெரியும் சார். எங்க தொழில்ல முதல்ல பின்பக்கம்தான். முன்பக்கத்தை எவன் வேணும்னாலும் வரைஞ்சிடுவான். யார்கிட்ட இருந்துச்சு, எப்படிக் கை மாறிச்சு, எல்லாம் பின்னாடிதான் இருக்கும். பின்பக்கம் பொய் சொல்லாது."

அண்ணன் முகத்தில் ஒரு புன்னகை படர்ந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த தங்கை, சின்னவள், அதைக் கவனித்தாள். ஐம்பத்து நான்கு வயதாகியும் வீட்டில் அவள் சின்னவள்தான். அந்தப் புன்னகையை அவளுக்கு அரை நூற்றாண்டாகத் தெரியும். திருத்துகிறேன் பேர்வழி என்று எதையாவது கெடுத்து வைத்துவிட்டு, பாராட்டுக்குக் காத்திருக்கும்போது மட்டும் அவருக்கு அது வரும்.

நிபுணர் படம் வரைந்த பலகையை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்தார். பின்பக்கம் புது மேஜை மாதிரி பளபளத்தது.

"பின்னாடி ஏதோ எழுதியிருக்குன்னு போன்ல சொன்னீங்களே மேடம்?"

"பென்சில் கிறுக்கல் சார்," அண்ணன் முந்திக்கொண்டார். "பார்க்கவே அசிங்கமா இருந்துச்சு. நான்தான் உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு, ரெண்டு தடவை வார்னிஷ் அடிச்சேன். ஒரு ஞாயித்துக்கிழமை பூரா அதுக்கே போயிடுச்சு."

நிபுணர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தார். வார்னிஷ் அப்படியேதான் இருந்தது.

அதை வரைந்த ஓவியர் தன் படத்தின் முன்பக்கத்தில் ஒருநாளும் கையெழுத்துப் போட்டதில்லை. அப்படி ஒரு பிடிவாதம். உயிரோடு இருந்தவரை யாரும் அவரை ஏறெடுத்துப் பார்க்கவில்லை. செத்துப் பதினைந்து வருடம் கழித்து உலகமே அவரை மேதை என்று கொண்டாட ஆரம்பித்தது. செத்தவரிடம் விலை பேச வேண்டியதில்லை என்பது ஒரு வசதி. அவருக்குப் பணமும் கிடையாது, நல்ல பல்லும் கிடையாது. சின்னவளின் அப்பா பல் மருத்துவர். "மேல்வரிசைப் பல்செட் ஒன்றுக்காக" என்று அப்பா படத்தின் பின்னால் எழுதியிருந்தார். அதற்குக் கீழே ஓவியரின் கையெழுத்து. அண்ணன் தேய்த்து எடுத்தது அதைத்தான்.

காரணம் அழுக்கு அல்ல என்று சின்னவளுக்குத் தெரியும். இன்சூரன்ஸ் கம்பெனியில் மேலதிகாரியாக ஓய்வு பெற்றவர் அண்ணன். "எங்க அப்பா பெரிய கலாரசிகர், அந்தக் காலத்திலேயே சேகரிச்சார்" என்று போகிற இடமெல்லாம் அளந்துகொண்டிருந்தார். கேட்டலாக்கில் 'ஒரு மருத்துவர் குடும்பத்தின் சேகரிப்பிலிருந்து' என்று அச்சாக வேண்டும் என்பது அவருடைய ஆசை. சேகரிப்பு என்பது இந்த ஒரே ஒரு படம்தான். அதுவும் பல்லுக்கு வந்தது என்று தெரிந்தால் மானம் போய்விடாதா?

"கையெழுத்து போயிடுச்சுன்னா, 'அவர் பாணியில் யாரோ வரைந்தது'ன்னுதான் போட முடியும் சார்," என்றார் நிபுணர்.

"அப்போ விலை?"

"ஒரு சுமாரான சோபா வாங்கலாம்."

சின்னவளுக்கு வீடு நினைவுக்கு வந்தது. கீழே அப்பாவின் மருத்துவமனை, மேலே மூன்று அறை. அந்த வீடு இருவருக்கும் சொந்தம். படம் நல்ல விலைக்குப் போனால் அந்தப் பணம் முழுக்க அண்ணனுக்கு, வீடு அவளுக்கு. போகாவிட்டால் வீட்டை விற்றுப் பாதிப் பாதி. பத்திரத்திலேயே எழுதியாகிவிட்டது. பிறந்ததிலிருந்து அவள் இருக்கிற வீடு. இருபத்தெட்டு வருடம் அப்பாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் ஸ்டீல் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்ற வீடு. அதன் பாதி விலைக்கு ஜன்னல் உள்ள ஓர் அறைகூட எங்கும் கிடைக்காது.

அண்ணன் அசரவில்லை. "அவருக்குச் சொந்தக்காரங்க யாராவது வந்து, இது அவர் படம்தான்னு சொன்னா?"

"ஒரு மகள் இருக்காங்க. சலவைக்கடை வெச்சிருக்காங்க. அவங்ககிட்ட அப்பா படம் ஒண்ணுகூட இல்ல சார். ஒவ்வொரு ஏலத்துக்கும் வந்து கடைசி வரிசையில உட்கார்ந்து பார்த்துட்டுப் போவாங்க. பாவம், காபி கொடுப்போம்."

காபி கொடுப்பதைச் சொல்லும்போது நிபுணரின் முகத்தில் தர்மவான் களை சொட்டியது.

வீட்டுக்கு வந்ததும் சின்னவள் வெளுத்து வாங்கினாள்.

"உன்னை யாரு அண்ணா தேய்க்கச் சொன்னா? என்னை ஒரு வார்த்தை கேட்டியா?"

"பல்லுக்குப் படம் வாங்கினார்னு ஊர் சிரிக்கணுமா?"

"ஊருக்கு வேற வேலை இல்ல பாரு!"

அண்ணன் கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டார். சின்னவள் கீழே மருத்துவமனைக்கு இறங்கினாள். அப்பா போய் ஆறு வருடமாகியும் நாற்காலியை அவள் துடைத்துத்தான் வைத்திருந்தாள். அந்தப் படத்தில் இருப்பதே இந்த அறைதான்: நாற்காலியில் மல்லாந்து வாயைத் திறந்திருப்பவன் கண்ணுக்குத் தெரியும் விட்டம், நடுவில் பெரிய வட்ட விளக்கு, ஓரத்தில் தட்டைப் பிடித்த ஒரு கை. அந்தக் கையின் கடிகாரம் மணிக்கட்டின் உள்பக்கம் திரும்பியிருக்கும். சின்னவள் இன்றைக்கும் அப்படித்தான் கட்டுகிறாள். நிபுணர் எழுதிவைத்திருந்த குறிப்பில் விளக்கு 'தனிமையின் சூரியன்' ஆகியிருந்தது. கை 'விதியின் கரம்'. "சார், அது என் கை" என்று அவள் முதல் நாளே சொன்னாள். "அப்படியும் பார்க்கலாம் மேடம்" என்று அவர் பெருந்தன்மையாகச் சிரித்தார்.

மூலையில் நோயாளிகளின் அட்டைகள் அடங்கிய இரும்பு அலமாரி நின்றது. பழைய இரும்புக்குப் போடச் சொல்லி அண்ணன் நாலு தடவை ஆள் அனுப்பிவிட்டார். நாலு தடவையும் அவள் திருப்பி அனுப்பியிருந்தாள். மூன்றாவது இழுப்பறையை இழுத்தாள். அப்பா எல்லாருக்கும் அட்டை போடுவார். காசு கொடுக்காதவனுக்கும் போடுவார்.

இருந்தது. பல் வரிசைப் படத்தில் சிவப்புப் பேனாவால் பெருக்கல் குறிகள். கீழே, 'மேல் செட் ஒன்று. பதிலுக்கு, விளக்குப் படம்.' பக்கத்தில் ஓவியரின் கையெழுத்து, தேதியோடு. சின்னவள் வாய்விட்டுச் சிரித்தாள். அலமாரியை ஒரு தட்டுத் தட்டினாள். வீடு பிழைத்தது!

பிறகுதான் அட்டையைத் திருப்பினாள்.

'அளவு எடுத்தாகிவிட்டது. செட் முடிவதற்குள் ஊரைவிட்டுப் போய்விட்டார். இரண்டு கடிதம் போட்டேன், பதில் இல்லை. செட் கொடுக்காததால் படம் அவருடையது. அவர் பக்கத்திலிருந்து யார் வந்து கேட்டாலும் கொடுத்துவிடவும்.'

அப்பாவின் மீது அவளுக்கு அப்போது வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. இவ்வளவு நேர்மையான மனுஷன் அதைப் பின்பக்கத்தில் எழுதாமல் மனதிலேயே வைத்துக்கொண்டிருக்கக் கூடாதா?

அண்ணனிடம் காட்டினாள். முன்பக்கம் படித்ததும் அவருக்குத் தலைகால் புரியவில்லை. பின்பக்கம் படித்ததும் முகத்தில் ஈயாடவில்லை. ஆனால் இன்சூரன்ஸ் கம்பெனியில் முப்பத்தைந்து வருடம் குப்பை கொட்டியவர். ஐந்து நிமிடத்தில் தெளிந்துவிட்டார்.

"யார் வந்து கேட்டாலும்னுதானே எழுதியிருக்கார்? யாராவது வந்து கேட்டாங்களா?"

"இல்ல."

"அப்புறம் என்ன?"

அடுத்த நாள் அவர் அட்டையைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, பின்னால் கறுப்புத் தாள் வைத்து, நான்கு ஓரமும் ஒட்டிக் கொண்டுவந்தார். கைவேலையில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. சின்னவள் வாயை மூடிக்கொண்டு அவர் பின்னாலேயே போனாள். வீடு வேண்டும் அவளுக்கு.

நிபுணர் முன்பக்கத்தைப் பார்த்ததும் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். "அடடா, கையெழுத்து, தேதி எல்லாம் இருக்கே! மேடம், என்ன சாப்பிடுறீங்க?" உள்ளே குரல் கொடுத்தார். பீங்கான் கோப்பையில் காபி வந்தது, கூடவே பிஸ்கெட்டும். பேசிக்கொண்டே அவருடைய விரல்கள் பழக்கதோஷத்தில் உறையின் ஒட்டைப் பிரித்து, கறுப்புத் தாளை உருவி, அட்டையைத் திருப்பிவிட்டன. அண்ணன் இருமினார். பயனில்லை.

நிபுணர் படித்தார். இரண்டாவது முறையும் படித்தார். எழுந்துபோய் அறைக்கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"கேட்டலாக்ல முன்பக்கம் மட்டும் போட்டாப் போதும்," என்றார்.

அண்ணனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. சின்னவள்தான் காபிக் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"சார், பின்பக்கம் பொய் சொல்லாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"பொய் சொல்லாது மேடம். அதுக்காக அது சொல்றதையெல்லாம் நாம கேட்டுக்கணும்னு இல்லையே."

பேனாவையும் விற்பனைப் படிவத்தையும் அவள் முன்னால் நகர்த்தினார். "அண்ணன் போட்டுட்டார். நீங்களும் போட்டுடுங்க. கையெழுத்து பின்பக்கத்துல."

அவள் படிவத்தைத் திருப்பினாள். 'இப்பொருள் முழுவதும் எமக்கே சொந்தமானது, வேறு எவருக்கும் உரிமையில்லை என உறுதி கூறுகிறேன்.' அதற்குக் கீழே கோடு. பேனாவைக் கோட்டின்மேல் வைத்தாள். மாடிப்படியின் ஏழாவது படி ஆடுவது நினைவுக்கு வந்தது. சமையலறைக் குழாயைத் தானே கழற்றிச் சரிசெய்தது நினைவுக்கு வந்தது. போட்டுவிடு, போட்டுவிடு என்று உள்ளுக்குள் ஒரு குரல் கெஞ்சியது. கடைசி வரிசையில் காபியோடு உட்கார்ந்திருக்கும் ஒரு பெண்ணும் நினைவுக்கு வந்தாள். அவள் முகம்கூடச் சின்னவளுக்குத் தெரியாது. தெரியாமலே போயிருக்கலாம்.

"அவங்க சலவைக்கடை எங்க இருக்கு சார்?" என்று கேட்டாள்.

"பைத்தியமா உனக்கு?" என்று அண்ணன் கத்தியது வரவேற்பறைவரை கேட்டிருக்கும்.

"ஆமா," என்று சொல்லிவிட்டு அட்டையை எடுத்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள். அதில் பெருமைப்பட எதுவும் இருப்பதாக அவளுக்குத் தோன்றவில்லை. பயமாக இருந்தது.

சின்னவள் சலவைக்கடைக்குப் போய் விஷயத்தைச் சொன்ன மறுநாள், படத்தை எடுத்துப்போக ஓவியரின் மகள் ஒரு பழைய போர்வையோடு வீட்டுக்கு வந்தாள். அட்டையின் இரண்டு பக்கத்தையும் நிதானமாகப் படித்தாள்.

"கடைசியில அப்பாவுக்கு மேல்வரிசையில ஒரு பல்கூட இல்ல. எல்லாத்தையும் கரைச்சுத்தான் குடிச்சார். ஒரு டாக்டர் அளவு எடுத்திருக்கார், செட் வரும்னு சொல்லிக்கிட்டே இருந்தார். நாங்க நம்பல."

"அளவு எடுத்த அச்சு இன்னும் இருக்கு. வேணுமா?" என்று சின்னவள் அசட்டுத்தனமாகக் கேட்டாள்.

"குடுங்க," என்றாள் மகள். படத்தைப் போர்வையில் சுற்றப் போனவள் நிமிர்ந்து, சின்னவளின் மணிக்கட்டைப் பார்த்தாள். "இது உங்க கையா?"

படம் வந்த இருபத்தேழு வருடத்தில் அதைக் கேட்ட முதல் ஆள். சின்னவள் தலையை மட்டும் ஆட்டினாள். பேசியிருந்தால் அழுதிருப்பாள்.

"நான் இதை விக்கத்தான் போறேன்," என்றாள் மகள். "கடையில ரெண்டு மெஷின் ஓடல. உங்களுக்கு வருத்தமா?"

"உங்க படம். நான் என்ன சொல்ல?"

நிபுணர் சலவைக்கடைக்குப் பூங்கொத்தோடு போனதாகக் கேள்வி. கேட்டலாக்கில் அந்தப் படத்துக்கு நான்கு பக்கம். அட்டையின் இரண்டு புறமும் பெரிதாக அச்சாகியிருந்தது; 'நேர்மையின் அரிய ஆவணம்' என்று கீழே நிபுணரே உருகியிருந்தார். 'நெடுங்காலம் ஒரு மருத்துவர் குடும்பத்தின் பாதுகாப்பில் இருந்தது' என்று ஒரு வரியும் இருந்தது. தங்கையோடு பேச்சை நிறுத்தியிருந்த அண்ணன் அந்தக் கேட்டலாக்கில் மட்டும் பத்துப் பிரதி வாங்கினார் என்று வீட்டுத் தரகர் சொன்னார். வீட்டுக்கு அதற்குள் ஆள் வந்து முன்பணமும் கொடுத்தாகிவிட்டது.

ஏலத்தன்று சின்னவள் போனாள். ஏன் போனாள் என்று அவளுக்கே தெரியாது. ஓவியரின் மகளுக்கு முன்வரிசையில் இடம் போட்டிருந்தார்கள். அவள் இரண்டு முறை திரும்பிக் கூட்டத்துக்குள் யாரையோ தேடினாள். சின்னவள் கடைசி வரிசையில் குனிந்துகொண்டாள்.

"தனிமையின் சூரியன்," என்று மேடையிலிருந்தவர் ஆரம்பித்தார். "ஓரத்தில் உள்ள விதியின் கரத்தைக் கவனியுங்கள்." எண் அட்டைகள் இங்கும் அங்கும் உயர்ந்தன. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, விலை அவளுடைய வீட்டைத் தாண்டிப் போய்விட்டது. அப்புறம் அந்தத் தெருவையே தாண்டியது. அவளுக்குக் கண்ணில் நீர் முட்டியது. பொறாமைதான், வேறொன்றுமில்லை.

யாரோ தோளைத் தொட்டார்கள். ஏல நிறுவனத்தின் பணிப்பெண், முகமெல்லாம் இரக்கமாக, காகிதக் கோப்பையை நீட்டிக்கொண்டு நின்றாள்.

"காபி எடுத்துக்கங்க மேடம்."

கோப்பைக்காகக் கையை உயர்த்தப் போனவள் சட்டென்று இறக்கிக்கொண்டாள். இந்த அறையில் கை உயர்ந்தால் விலை கேட்டதாக ஆகிவிடும். கடிகாரம் உள்பக்கம் திரும்பிய அந்தக் கையை மடியில் அழுத்தி வைத்துக்கொண்டு, மற்ற கையால் தாழ்வாகக் காபியை வாங்கினாள். மேடையில் சுத்தியல் விழுந்தது.