மேல்மடு

மாமியின் பெயர் திரையில் மின்னியதும் றம்சீன் முதலில் செய்தது, சட்டையின் மேல் பொத்தானைப் பூட்டியதுதான். நடுக்காடு. முழங்கால்வரை சேறு. சவர்க்காரம் பூசிய காலிலும் இரண்டு அட்டைகள் வழி தேடிக்கொண்டிருந்தன. அவற்றைத் தட்டிவிடக்கூட இல்லாமல், ஒரு பாறையில் நேராக நின்று, போனை இரண்டு கைகளாலும் பிடித்தபடி, "ஓம் மாமி... சாப்பிட்டம் மாமி... இல்ல மாமி, மழ இல்ல," என்றான்.

"டேய், போனுக்குள்ளால மாமிக்கு உன்ட சட்டையும் தெரியுதா?" முன்னால் கத்தியால் கொடிகளை விலக்கிக்கொண்டிருந்த கூட்டாளி கிசோக் சிரித்தான்.

றம்சீன் போனை மனைவி றிபாவிடம் நீட்டினான்.

"மருமகனப் பசி கிடக்க உடாதகா," என்றாள் உம்மா. "அவரு வாயத் தொறந்து கேக்கமாட்டார். போத்தல்ல இறால் பொரிச்சி வெச்சிரிக்கன். அவருக்குக் குடு."

வாயைத் திறந்து கேட்கமாட்டார் என்பதை உம்மா எப்போதும் ஒரு பெருமையாகத்தான் சொல்வாள். கல்யாணத்தோடு மருதமுனை வீடு சீதனமாக றிபாவின் பெயருக்கு வந்தது. உம்மாவும் வாப்பாவும் தங்கச்சி ஹிமாயாவோடு பின்பக்கத்து இரண்டு அறைகளுக்குப் போனார்கள். ஊரில் எல்லா வீட்டிலும் நடப்பதுதான். ஒரு பயணப் பையோடு வந்து சேர்ந்த றம்சீன், மூன்று வருடமாக அந்த வீட்டில் சத்தமில்லாமல் நடக்கிறான். அடுப்படிக்கு வருமுன் இருமுவான். இரண்டாம் தடவை சோறு போட்டால் கையால் மறைப்பான். எதைக் கேட்டாலும் "உங்கட விருப்பம்" என்பான். தங்கமான மருமகன் என்று அயலட்டையில் பேச்சு. சத்தம் போடும் புருசன்மாரைப் பற்றிக் கூட்டாளிமார் முறையிடும்போது றிபா உள்ளுக்குள் சந்தோசப்பட்டிருக்கிறாள்.

ஆனால் நேற்று இரவு இங்கே வரும் பஸ்ஸிலும் அவன் அதே பதிலைத்தான் சொன்னான். இந்த மலைக்குக் கீழே ஓடும் ஆற்றில் ஒரு சின்ன மின்நிலையம். கிசோக் அங்கேதான் வேலை செய்கிறான். றம்சீனைப் போல இன்னொரு மின்னியலாளர் தேவை, குவாட்டர்ஸும் உண்டு. இன்று பின்னேரத்துக்குள் பதில் சொல்லாவிட்டால் வேறு ஆளை எடுத்துவிடுவார்கள். "நீ என்ன சொல்றாய்?" என்று கேட்டான். "உங்களுக்கு என்ன விருப்பம்?" என்றாள் அவள். "உன்ட விருப்பந்தான்," என்று சொல்லிவிட்டுத் தூங்கிப்போனான். அவள் ஜன்னல் கண்ணாடியில் தலையைச் சாய்த்தபடி விடியும்வரை விழித்திருந்தாள். வீட்டை விட்டு வருவதா என்பதல்ல அவளுடைய குழப்பம். அவனுக்கு என்ன வேண்டும் என்று தெரியாமல் எதற்கு ஓம் சொல்வது, எதற்கு வேண்டாம் என்பது?

வளைவு தாண்டியதும் போனில் சிக்னல் அறுந்தது. றம்சீன் பொத்தானைக் கழற்றினான். ஒன்றல்ல, மூன்று. பிறகு தலையை நிமிர்த்தி, "ஹோ...!" என்று கத்தினான். மேலே ஏதோ பறவைகள் படபடவென்று எழும்பின. றிபா ஒரு வேரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். அந்தக் குரலை அவள் இதற்கு முன் கேட்டதே இல்லை.

நீர்வீழ்ச்சி கண்ணில் படுமுன் அதன் குளிர் முகத்தில் பட்டது. கறுத்த பாறையிலிருந்து விழுந்த தண்ணீர் முதலில் ஒரு மடுவை நிறைத்து, அங்கிருந்து வழிந்து கீழே இன்னொரு மடுவில் இறங்கியது. பச்சை நிறம். அடியில் கிடந்த கூழாங்கற்கள்கூடத் தெரிந்தன. கடலைப் பார்த்து வளர்ந்தவளுக்கு, இவ்வளவு தண்ணீர் இவ்வளவு தெளிவாக இருப்பது ஏதோ ஏமாற்று மாதிரிப் பட்டது.

பாறையில் இருந்து சோற்றுப் பார்சலைப் பிரித்தார்கள். றிபா போத்தலைத் திறந்து இறாலைப் புருசனின் சோற்றில் கொட்டினாள்.

"ஐயையோ!" கிசோக் எட்டி அந்தப் பார்சலையே இழுத்துக்கொண்டான். "தங்கச்சி, இவனக் கொல்லப் போறீங்களா? டெக்னிக்கல் கொலிஜ்ல ஒரு நாள் தெரியாம ரெண்டு திண்டுட்டு, மூஞ்சி வீங்கி மோதகம் மாதிரி வந்து நிண்டான். மறுகா இறால் இரிக்கிற மேசையிலயே இரிக்கமாட்டான்."

"சும்மா கிடடா," என்றான் றம்சீன்.

றிபா போத்தலை மூடினாள். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் உம்மா விடிய எழும்பி, கடற்கரை மீன்வாடியில் நின்று, நல்ல இறாலாகப் பார்த்து வாங்கிவருவாள். புதுமாப்பிள்ளையாக வந்த முதல் நாள் அவன் அதைத் தின்று, நல்லா இரிக்கு மாமி என்று சொல்லியிருந்தான். வெள்ளிக்கிழமைப் பின்னேரங்களில் அவன் ஒரு சின்ன வெள்ளைக் குளிசை போடுவான். பள்ளிவாசலுக்கு வெயிலில் போய்வந்த தலையிடி என்று அவள் நினைத்திருந்தாள். குளிசைக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுப்பதும் அவள்தான்.

கோபமா, வெட்கமா என்று பிரித்தறிய முடியவில்லை. உம்மாவை நினைக்கப் பாவமாக இருந்தது. இவனை நினைத்தாலும் பாவமாக இருந்தது. இரண்டு பாவத்துக்கும் நடுவில் ஏதோ ஒன்று அவளைப் பார்த்துச் சிரித்த மாதிரியும் இருந்தது.

சாப்பிட்டு முடிந்ததும் கிசோக் துவாயைத் தோளில் போட்டான். "நான் கீழ்மடுவுக்குப் போறன். மேல ஆக்கள் வரமாட்டாங்க, நீங்க ரெண்டுபேரும் வடிவாக் குளிங்க. நாலு மணிக்கு இறங்கோணும், வேலைக்கு எங்கட சேர் பதில் கேப்பார்."

அவன் மறைந்ததும் றம்சீன் பாறை உச்சிக்கு ஓடி, முழங்காலைக் கட்டிக்கொண்டு குதித்தான். தண்ணீர் பாறைக்கு மேலே எழும்பி அவளையும் நனைத்தது. மேலே வந்தவன் தலையைச் சிலுப்பி, வாய் நிறையத் தண்ணீரைத் துப்பி, உரக்கச் சிரித்தான். அவனுக்குக் கடைவாயில் ஒரு பல் இல்லை என்பது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

"வா றிபா! பயப்பிடாத, கரையில இடுப்பளவுதான்!"

அபாயாவோடு இறங்கினாள். துணிக்குள் காற்றுப் புகுந்து அது இடுப்பைச் சுற்றி ஊதி எழும்பியது. அவள் அதை அமுக்க அமுக்க, அது வேறு பக்கத்தால் எழும்பியது. அவன் விழுந்து விழுந்து சிரித்தான். அவளுக்கும் சிரிப்பு வந்தது. வந்ததும் பயமாகவும் இருந்தது. நன்றாகத்தானே இருக்கிறது, இங்கேயே இருந்தால் என்ன என்று ஒரு நொடி தோன்றியது. அடுத்த நொடி, யாரோடு இருப்பது என்று தோன்றியது. அடுப்படிக்கு வெளியே இருமிக்கொண்டு நிற்கும் அந்த அமைதியான மனிதனைத்தான் அவள் விரும்பியிருந்தாள். அவனுக்காகத்தான் இரவில் சோற்றை மூடிவைத்துக் காத்திருந்தாள். அந்த மனிதன் வெறும் விருந்தாளியின் மரியாதை என்றால், அவள் இவ்வளவு நாளும் யாருக்காகக் காத்திருந்தாள்?

"இறால் மட்டுந்தானா?" என்றாள்.

"என்ன?"

"உங்களுக்குப் புடிக்காதது. இறால் மட்டுந்தானா?"

அவனுடைய சிரிப்பு அடங்கியது. தண்ணீரைக் கையால் தள்ளியபடி மிதந்தான். "உங்கட உம்மா நல்லவ, றிபா. கெட்டவ எண்டா முதல் கிழமையே சொல்லியிருப்பன்."

"என்னட்டச் சொல்லியிருக்கலாந்தானே?"

"நீயும் அந்த வீட்டு ஆள்தானே."

அவன் அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. வானம் இருட்டுது என்று சொல்வதைப்போலத்தான் சொன்னான். அதுதான் அவளுக்குத் தாங்க முடியாமல் இருந்தது. கீழேயிருந்து கிசோக்கின் குரல் வந்தது. "டேய், நேரமாகுதுடா! சேருக்கு என்ன சொல்லப்போறாய்?"

றம்சீன் அவளைப் பார்த்தான். பஸ்ஸில் பார்த்த அதே பார்வை. உன்ட விருப்பம்.

"எனக்கு ஒண்டு சொல்லுங்க," என்றாள் றிபா. அருவியின் இரைச்சலில் அவளுடைய குரல் அவளுக்கே சின்னதாகக் கேட்டது. இன்னும் உரக்க, வீட்டில் ஒருநாளும் போடாத சத்தத்தில் கேட்டாள். "என்னையும் மரியாதைக்குத்தான் வெச்சிரிக்கீங்களா?"

அவன் வாய் திறந்தது. பிறகு மூச்சை இழுத்துக்கொண்டு தண்ணீருக்குள் மூழ்கினான். அவள் கேட்டது காதில் விழுந்ததா, விழவில்லையா என்று தெரியவில்லை. அவன் போன இடத்திலிருந்து வளையங்கள் விரிந்து வந்து அவளுடைய வயிற்றில் மோதின. அத்தனை தெளிவாக இருந்த மடு இப்போது கலங்கிப் பச்சையாகக் கிடந்தது. அவன் எந்தப் பக்கம் எழும்புவான்? இடப்பக்கம் பார்த்தாள், அருவியின் அடியைப் பார்த்தாள், பின்னால் திரும்பிப் பார்த்தாள். எங்கும் அசைவில்லை. அவளுக்கு நீச்சல் தெரியாது. அபாயாவைக் கையால் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, அவன் மூழ்கிய பக்கமாக ஓரடி எடுத்து வைத்தாள். தண்ணீர் நெஞ்சுக்கு வந்தது. காலுக்கடியில் கல் வழுக்கியது. அவள் இன்னும் ஓரடி எடுத்து வைத்தாள்.