ஸ்ட்ராபெரிச் செடியில் பச்சை நூல்

உலகத்தில் பொய் சொல்லத் தெரியாதது ஒன்றே ஒன்றுதான், அது மண். வீட்டுத்தோட்டச் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் மேனேஜர் தினமும் காலையில் இதை ஒரு செடியின் படத்தோடு போட்டுவிடுவார். ஓய்வு பெற்று வருஷக்கணக்கானாலும் தெருவுக்கு அவர் இன்னும் மேனேஜர்தான். அவர் வீட்டு மண் நர்சரியில் மூட்டையாக வாங்கியது.

அந்தக் கோடை தோட்டத்தைப் பொசுக்கி எடுத்தது. தக்காளி பூத்த பூவையெல்லாம் கொட்டியது. வெண்டை முற்றி விறகாயிற்று. நிழல்வலைக்குள் ராஜமரியாதையோடு வைத்திருந்த ஸ்ட்ராபெரித் தொட்டிகளில் இலை ஓரம் கருகிச் சுருண்டது. பக்கத்து வீட்டு ஏசி கக்கும் அனல்தான் காரணம் என்று மேனேஜர் குழுவில் நீளமாக விளக்கம் எழுதினார். பிழைத்த செடி ஒன்று. அதில் பழுத்ததும் ஒன்று. கோணலாக, சுண்டுவிரல் நுனியளவில், ஒரு பக்கம் மட்டும் சிவந்திருந்தது.

உள்ளறையில் அவர் மனைவி படுத்திருந்தாள். வயிற்றில் வந்தது ஈரலுக்கும் பரவிவிட்டது. ஆசைப்பட்டதைக் கொடுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதற்கு என்ன அர்த்தம் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும், அவளுக்கும். கஞ்சியைக்கூட ஒதுக்கிக்கொண்டிருந்தவள் வெள்ளிக்கிழமை வாய்திறந்து கேட்டாள்.

"நீங்க வளத்த ஸ்ட்ராபெரி ஒண்ணு குடுங்க. ஊரெல்லாம் பீத்திக்கிட்டீங்களே, எப்படித்தான் இருக்குன்னு பாத்துட்டுப் போறேன்."

"ஞாயித்துக்கிழமை சங்கத்துத் தோட்டப் போட்டிக்கு நடுவருங்க வராங்கம்மா. அவங்க பாத்துட்டுப் போனதும் உனக்குத்தான்."

கடையில் வாங்கித் தரட்டுமா என்றும் கேட்டார். வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டு அவள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

சனிக்கிழமை மேனேஜர் ஒரு டப்பா ஸ்ட்ராபெரி வாங்கி வந்தார். அவளுக்காக அல்ல. அவளுடைய தையல் பெட்டியிலிருந்து பச்சை நூலை எடுத்து, மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, கொழுத்த பழங்களாகப் பொறுக்கிக் காம்போடு காம்பு சேர்த்துச் செடியில் கட்டினார். அறுந்த பொத்தானைக்கூடத் தானே தைத்துக்கொள்ளாத மனிதர். முடிச்சு என்னவோ நன்றாகத்தான் விழுந்தது. ஒற்றைச் செடி நகைக்கடை விளம்பரம் போல நின்றது.

ஞாயிறு காலையில் ஸ்பூனால் கொடுத்த தண்ணீர் அவள் கடைவாய் வழியாகத் திரும்பி வழிந்தது. இனி வாய்வழியாக எதுவும் வேண்டாம், புரையேறிவிடும், வேண்டுமானால் உதட்டை மட்டும் நனைக்கலாம் என்று நர்ஸ் சொல்லிவிட்டுப் போனாள். கூடவே தங்கிப் பார்த்துக்கொண்ட மனைவியின் தங்கை, வருகிறவர்களை வர வேண்டாம் என்று சொல்லிவிடச் சொன்னாள். சங்கத்தில் தப்பாக நினைப்பார்களே என்றார் மேனேஜர். சலவைச் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார்.

வந்த நடுவர்கள் இரண்டு பேர். மூத்தவர் செடியைப் பார்த்து அசந்துபோனார். சுவைக்குக்கூட மதிப்பெண் உண்டு என்று சொல்லிக்கொண்டே இருப்பதிலேயே பெரிய பழத்துக்குக் கையை நீட்டினார். மேனேஜர் அவசரமாக முன்னால் வந்தார்.

"சார், இதுதான் நல்லாப் பழுத்தது," என்று இலைக்குப் பின்னால் இருந்த அந்தக் கோணல் பழத்தைத் தன் கையாலேயே கிள்ளி அவர் உள்ளங்கையில் வைத்தார். அவர் அதை வாயில் போட்டுக்கொண்டார்.

மச்சினி வெளியே வந்தது அப்போதுதான்.

"அத்தான், அக்கா உதட்டுல தடவவாவது ஒண்ணு எடுத்துக்கறேன்."

மேனேஜர் குறுக்கே வருவதற்குள் அவள் நல்ல சிவப்பாக ஒன்றைப் பிடித்து இழுத்தாள். பழம் வரவில்லை. இன்னும் பலமாக இழுத்தாள். செடி வேரோடு வந்தது. பழங்கள் நூலில் ஆடின. அவள் நூலைப் பார்த்தாள், பிறகு அத்தானைப் பார்த்தாள்.

"இது அக்கா பொட்டியில இருந்த நூலு," என்றாள், குரலை உயர்த்தாமல்.

மூத்த நடுவர் அதற்குள் விழுங்கிவிட்டிருந்தார். சுவைக்குப் பத்துக்கு மூன்று போட்டிருந்தார்.