வாலில் ஐந்து மாதம்

வயிற்றை ஈரத்துணி பிழிகிற மாதிரி முறுக்கிப் பிடிக்கிறது, ஒரு மணிச் சங்கு ஊதிவிட்டது, எவர்சில்வர் மூடியொன்று என் முன்னால் மல்லாந்து கிடக்கிறது, அதில் ஒரு கை சோற்றைத் தள்ளுகிறது, புளிக்குழம்பு ஊறிய சோறு, நடுவில் பாதி அவித்த முட்டை, விரல் நுனிகளில் சொல்யூஷன் பசை காய்ந்து தோல் போல உரிந்து நிற்கிற கை, நான் அந்தக் கையைத்தான் பார்க்கிறேன், முகத்தைப் பார்ப்பதில்லை, அன்றும் பார்க்கவில்லை, இப்போது கம்பெனியும் இல்லை சங்கும் இல்லை, சொந்த வீட்டுச் சொந்த அடுப்படியில் குக்கர் நிறையச் சோறு இருக்கிறது, ஆனாலும் மணி ஒன்றானால் வயிறு தன் பாட்டுக்கு முறுக்குகிறது, கடன் அடைந்துவிட்டது என்று அதற்கு யார் போய்ச் சொல்வது.

பியூலாக்காவின் கை அது, ஆம்பூரில் ஷூ கம்பெனியில் ஒரே மேசையில் எதிரும் புதிருமாக நின்றோம், நான் தோல் துண்டின் ஓரத்தில் பசை தடவித் தள்ளுவேன், அவள் மடித்துச் சுத்தியால் தட்டுவாள், ஒரு நாளைக்கு ஆயிரத்துக்கு மேல், தட்டித் தட்டி அவள் வலது தோள் இடது தோளைவிட இறங்கியிருந்தது, என்னைவிடப் பத்து வயது மூத்தவள், புருசன் இல்லை, ஷீபா என்று ஒரு மகள், வாய் சும்மா இருக்காது, சூப்பர்வைசர் பக்கத்தில் வந்து நின்றால் இன்னா சார் எங்க ரெண்டு பேத்துக்கும் ஜோசியம் பாக்க வந்தியா என்று கேட்பாள், அந்த மனுசன் சிரிப்பை அடக்கிக்கொண்டு அடுத்த மேசைக்குப் போய்விடுவான். என் அப்பா தோல் ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டிக்குள் நின்று கால் வெந்தவர், தோலைப் பதம்போடுகிற இடத்தை நாங்கள் ஷாப்பு என்றுதான் சொல்வோம், எங்கள் வீட்டில் பசி புதிதல்ல, பசியை மறைப்பதுதான் எனக்குப் புதிதாக இருந்தது, அதைக் கற்றுக்கொடுத்தது வீட்டுக் கடன். என் வீட்டுக்காரர் சம்பங்கி கொத்தனார், நாற்பது பேருக்கு வீடு கட்டிக் கொடுத்துவிட்டு ஒன்பது மணிக்கு லைட்டை அணைக்கச் சொல்கிற வாடகை வீட்டில் குனிந்து நுழைந்தவர், ஆறு லட்சம் கடன், பத்திரம் அடமானம், பதினைந்து வருசம், மாதம் ஏழாயிரத்து ஒன்பது ரூபாய், அந்த ஒன்பது ரூபாய் எதற்கு என்று அவர் கடன் ஆபீஸில் கேட்டாராம், சிரித்தார்களாம். தளம் போட்ட அன்றைக்கு வெறும் சிமெண்டில் மல்லாந்து படுத்துக்கொண்டு, இது மேல யாரும் வந்து நம்மள அதட்ட முடியாது பாத்துக்கோ என்றார், அப்படியே தூங்கிப்போனார், அந்தத் தூக்கத்தைப் பார்த்துத்தான் நான் மனசுக்குள் கணக்குப் போட ஆரம்பித்தேன்.

டின்கள் வைத்தேன், பவுடர் டின், ஹார்லிக்ஸ் பாட்டில், பூஸ்ட் டப்பா, சம்பளம் வந்த அன்றே அரிசிக்கு ஒன்று, பாலுக்கு ஒன்று, கரண்டுக்கு ஒன்று, மகள் பாரதியின் நோட்டுக்கு ஒன்று, துவரம்பருப்புக்கு அடியில் புதைத்து வைக்கிற டப்பா மட்டும் கடனுக்கு, முதலில் மாதத்துக்கு ஒருதரம் எடுக்கிற கறி நின்றது, பிறகு பூ, பிறகு டீத்தூள் பாதியானது, சோப்பை மூன்றாக அறுத்து வைத்தேன், கேஸ் தீரக் கூடாதென்று வெந்நீருக்கு அவர் வேலை செய்கிற இடத்திலிருந்து சாரப் பலகைத் துண்டு பொறுக்கி வந்தார், இரண்டாம் வருசம் குறைக்க ஒன்றும் மிச்சமில்லை என்று ஆனபோது நான் என் மத்தியானச் சோற்றைக் குறைத்தேன், அவருக்குத் தெரியாது, வெயிலில் நின்று கல் தூக்குகிறவர் தின்ன வேண்டும், பாரதிக்குப் பள்ளிக்கூடத்தில் போடுகிறார்கள், பசை தடவுகிறவளுக்கு எதற்கு, அந்த நாற்றத்தில் நாக்குக்கு ருசியா தெரியப் போகிறது, ஆனால் டப்பா இல்லாமல் கம்பெனிக்குப் போனால் ஊரே கேட்கும், ஆகவே தினமும் டப்பா கொண்டுபோனேன், உள்ளே பழைய சோற்றுத் தண்ணி, ஆடிச் சத்தம் வராமல் இருக்க கழுத்துவரை, குழாயடிப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டு சாப்பிடுகிறவள் மாதிரி விரலை விட்டு எடுத்துக் குடித்து முடித்துவிடுவேன். ஒருநாள் பியூலாக்கா அலமாரியிலிருந்து இரண்டு டப்பாவையும் சேர்த்து எடுத்து வந்தாள், நடந்து வரும்போது என் டப்பாவைக் காதுக்குப் பக்கத்தில் வைத்து ஒரு ஆட்டு ஆட்டினாள், தேங்காய் வாங்குகிறவள் மாதிரி, கழுத்துவரை ஊற்றியும் உள்ளே தண்ணி களக்கென்றது, உட்கார்ந்தாள், தன் டப்பாவைத் திறந்து மூடியை மல்லாத்திப் பாதியைத் தள்ளினாள், எங்கூட்டுப் பொண்ணுக்கு அளவு தெரியல, ஆனைக்கு வெக்கிற மாதிரி வெக்குது, கொட்ட மனசு வரல, துன்னு என்றாள். நான் வேண்டாமென்றேன், அது ஒருதரம் சொல்கிற வேண்டாம், இரண்டாம் தரம் சொல்லவில்லை.

அப்படி இரண்டு வருசம் ஏழு மாதம். ஞாயிறு போக, லீவு போக, எண்ணூறு வேளை இருக்கும், எண்ணிப் பார்த்திருக்கிறேன், எண்ணுவதைத் தவிர எனக்கு வேறென்ன தெரியும். முதல் மாதம் கூசிக்கொண்டே தின்றேன், மூன்றாம் மாதம் தண்ணி ஊற்றி எடுத்துப் போவதையும் விட்டேன், காலி டப்பாவுக்குள் துணியைத் திணித்துக் கொண்டுபோனேன், டின் கணக்கு எழுதுகிற நாற்பது பக்க நோட்டில் அரிசி கிலோ குறைந்ததைப் பார்த்து அவர், இன்னாமே அரிசியில மந்திரம் கிந்திரம் போடுறியா என்று கேட்டார், சிரித்தேன், பியூலாக்காவின் சோறு என் பட்ஜெட்டில் ஒரு வரியாக ஏறிவிட்டது, இதைச் சொல்ல நாக்கு கூசுகிறது, அவள் காய்ச்சலென்று வராத நாட்களில் எனக்கு முதலில் வந்தது அவளுக்கு என்ன ஆயிற்றோ என்கிற நினைப்பு அல்ல, ஐயோ இன்றைக்குச் சோறு இல்லையே என்பதுதான், அதுகூடப் பரவாயில்லை, கோபம் வந்தது, சொல்லிவிட்டு லீவு போடக் கூடாதா என்று, ஆமாம், அவள்மேல் கோபம். அவள் டப்பா முன்பைவிடப் பெரிதாகியிருந்ததை ஒரு வருசம் கழித்துத்தான் கவனித்தேன், அளவு தெரியாத மகள் ஒருத்தியும் இல்லை, ஷீபா அப்போது குடியாத்தத்தில் ஹாஸ்டலில் படித்துக்கொண்டிருந்தாள், விடியக்காலை எழுந்து ஆக்கி வைத்ததெல்லாம் பியூலாக்காவே.

கடன் ஆபீஸில் ஒரு பையன் என் வீட்டுக்காரருக்குச் சொல்லிக்கொடுத்தான், தவணைக்கு மேலே கொஞ்சம் சேர்த்துக் கட்டினால் அது நேராக அசலில் போய் விழும், கடனின் வாலிலிருந்து மாதங்கள் அறுந்து போகும், இப்போது பத்தாயிரம் கட்டினால் கடைசியில் ஐந்து மாதம் இல்லாமலே போய்விடும் என்று, இவர் வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் விரலை நீட்டிக் காட்டினார், அஞ்சு மாசம், முப்பத்தஞ்சாயிரம், பத்தைக் குடுத்து முப்பத்தஞ்சை அறுக்கலாம், இன்னா சொல்ற. பருப்பு டப்பாவில் பத்தாயிரம் சேர பதினான்கு மாதம் ஆனது, சேர்ந்த அந்த வாரம், வியாழக்கிழமை, இப்போதும் மேசைமேல் கிடந்த தோலின் நிறம் தெரிகிறது, காப்பிக் கலர், பியூலாக்கா சுத்தியைக் கீழே வைத்துவிட்டு என் பக்கம் சாய்ந்தாள், மூன்று மாதமாக உதிரம் நிற்கவில்லை, கர்ப்பப்பையை எடுக்கணும் என்கிறார்கள், எட்டாயிரம் முன்பணம் கட்டினால் திங்கட்கிழமை படுக்கை தருவார்கள், ஒரு மூணு மாசத்துல திருப்பிடுறேன், உங்கிட்ட கேக்க எனக்கே ஒரு மாதிரியா கீது என்றாள். அவள் யாரிடமும் கேட்டு நான் பார்த்ததில்லை. எனக்குக் கண்ணில் பருப்பு டப்பா தெரிந்தது, பருப்பை ஒதுக்கினால் மஞ்சள் தூசி படிந்த நோட்டுக் கட்டு, ரப்பர் பேண்டு, வாலில் ஐந்து மாதம், தளத்தில் மல்லாந்து தூங்குகிற மனுசன், இல்லக்கா என்றேன், ரொம்பச் சீக்கிரம் சொன்னேன், யோசிக்கிற மாதிரிகூட நடிக்கவில்லை, எங்க நெலமை உனக்குத் தெரியாததா என்று வேறு சேர்த்தேன். தெரியும்மா என்றாள், சுத்தியை எடுத்துத் தட்ட ஆரம்பித்தாள், ஒரு மணிக்கு மூடியை மல்லாத்தினாள், பாதியைத் தள்ளினாள், நான் தின்றேன், எழுந்து போய்க் கக்கவில்லை, தொண்டையில் அடைக்கவில்லை, பசித்தது, தின்றேன்.

சனிக்கிழமை பத்தாயிரமும் கட்டினோம். இவர் ரசீதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வழியாக வந்தார், அங்கே பியூலாக்கா மருந்துக் கடை வாசலில் நின்றிருக்கிறாள், என் கூட வேலை செய்கிறவள் என்று இவருக்கு நல்ல மரியாதை, எங்கே போயிட்டு வரீங்க என்று அவள் கேட்க, இந்த மனுசனுக்கு அன்றைக்கு யாரிடமாவது சொல்லாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும், ரசீதை எடுத்துக் காட்டியே விட்டார், பத்தாயிரம் ஒரே கட்டா, வாலுல அஞ்சு மாசம் அறுந்துச்சிக்கா, எல்லாம் உங்க தோழியோட சாமர்த்தியம். ராத்திரி என்னிடம் சொல்லும்போது சந்தோசமாகத்தான் சொன்னார், ரொம்ப நல்லதுப்பான்னுச்சி, நல்ல பொம்பள என்றார், நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன், கழுவிய பாத்திரத்தையே திரும்பத் திரும்பக் கழுவினேன். திங்கட்கிழமை போகாமல் இருந்துவிடலாமா என்று பார்த்தேன், லீவு போட்டால் சம்பளத்தில் இருநூற்றைம்பது போகும், போனேன், காலையிலிருந்து பேச்சு வரும் வரும் என்று தோளைக் குறுக்கிக்கொண்டு நின்றேன், திட்டினால் தாங்கிக்கொள்ளலாம், நாலு பேர் முன்னால் கேட்டால்கூடத் தாங்கிக்கொள்ளலாம், சங்கு ஊதியது, அவள் டப்பாவைத் திறந்தாள், மூடியை மல்லாத்தினாள், அதே அளவு, ஒரு பருக்கை குறையவில்லை, துன்னு என்றாள். அதற்குப் பிறகும் பதினாறு நாள் அப்படியே, பதினேழாம் நாள் மேசையில் வேறு ஒருத்தி நின்றாள், பியூலாக்கா வேலையை விட்டுவிட்டாள் என்றார்கள், உடம்புக்கு முடியவில்லையாம், நான் போய்ப் பார்க்கவில்லை, போகிற வழிக்கு பஸ் காசு எந்த டின்னிலும் இல்லை என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

பதினைந்து வருசக் கடனைப் பதினோரு வருசத்தில் முடித்தோம், போன மாதம் பத்திரம் கைக்கு வந்தது, இவர் அதைச் சாமி படத்தின் கீழே வைத்துவிட்டு நாற்பது பக்க நோட்டுகள் பதின்மூன்றையும் கட்டிப் பரணில் போட்டார், ஊரெல்லாம் என் கெட்டிக்காரத்தனம்தான் பேச்சு, பாரதியின் மாமியார்கூட உங்கம்மாகிட்ட கத்துக்கோ என்றாளாம், கம்பெனியை விட்ட பிறகும் மணி ஒன்றானால் வயிறு முறுக்கியது, கடைசியில் ஆட்டுக்கறி ஒரு கிலோ எடுத்தேன், முட்டை அவித்தேன், நாலடுக்குக் கேரியரில் அழுத்தி அழுத்தி வைத்தேன், பர்சில் எட்டாயிரம், பதினாறு ஐநூறு ரூபாய் நோட்டு, பியூலாக்கா இப்போது மகளோடு இருக்கிற குடியாத்தத்துக்கு பஸ் ஏறினேன். ஷீபா வீட்டு வராந்தாவில் முறத்தை மடியில் வைத்து பீடி சுற்றிக்கொண்டிருந்தாள் பியூலாக்கா, வற்றிப்போயிருந்தாள், ஆபரேசன் ஒரு வருசம் தள்ளித்தான் நடந்ததாம், ஷீபாவின் காதுத் தோட்டை வைத்துத்தானாம், அதற்குள் ரத்தம் வற்றிப்போனதில் பாரம் தூக்க முடியாமல் ஆகிவிட்டது, இதை ஷீபா சொன்னாள், சாதாரணமாக, தண்ணி கொண்டு வந்து வைத்துக்கொண்டே. பியூலாக்கா என்னைப் பார்த்துக் கண்ணை இடுக்கினாள், யார்றா இது மேஸ்திரி பொண்டாட்டியா, வழி தெரிஞ்சிதா உனக்கு என்றாள். உட்கார்ந்தேன், பர்சின் ஜிப்பில் விரல் இருந்தது, இழுத்தால் போதும், ஆனால் இதை எடுத்து நீட்டினால் அன்றைக்கும் இருந்தது என்று வாயால் சொல்ல வேண்டும், எட்டாயிரம் என்கிற தொகையே சொல்லிவிடும், நான் கேரியரைத் திறந்தேன், வாசனைக்கு அவள் முறத்தை நகர்த்தினாள். பத்திரம் வந்துட்ச்சா என்று கேட்டாள், வந்துட்ச்சிக்கா என்றேன், பீடி இலைத் தூளைக் கையிலிருந்து தட்டிவிட்டுக்கொண்டே, குத்தலும் இல்லாமல் கோபமும் இல்லாமல், பால்காரனிடம் கணக்குக் கேட்கிற குரலில் கேட்டாள், வாலுல அஞ்சு மாசம்னு சொன்னாரே உங்க வூட்டுக்காரரு, அது அறுந்துதா. அறுந்துச்சிக்கா என்றேன். நல்லது என்றாள்.

பிறகு கேரியரின் மூடியை எடுத்து மல்லாத்தினாள், நான் கொண்டுபோன சோற்றில் பாதியை அதில் தள்ளினாள், முட்டையை இரண்டாகப் பிட்டாள், இவ்ளோ பெரிய கேரியரை நான் ஒருத்தியா இன்னா பண்றது, நீ இன்னும் துன்னல, மூஞ்சைப் பாத்தாலே தெரியுது என்றாள், ஒரு மணி இருக்கும், வயிறு முறுக்கியது, பசை காய்ந்து உரிந்த கை இப்போது புகையிலைக் கறையோடு மூடியை என் பக்கம் நகர்த்துகிறது, இந்தத் தரம் நான் கையைப் பார்க்கவில்லை, முகத்தைப் பார்த்தேன், அவள் என்னைப் பார்க்கவில்லை, தின்ன ஆரம்பித்துவிட்டாள், நானும் தின்றேன், மூடியை வழித்துத் தின்றேன், ஜிப்பைத் திறக்காமலே பஸ் ஏறினேன். வீட்டின் பேரில் ஒரு பைசா பாக்கியில்லை, பியூலாக்காவுக்கு எண்ணூற்றொரு வேளைச் சோறும், வைத்துக்கொண்டே இல்லையென்று சொன்ன எட்டாயிரம் ரூபாயும் பாக்கி.